முதுநிலைத் தொழிற்கல்வியில் ஜனவரிப் பருவம்

நம் நாட்டில் உயர்கல்வி ஆண்டு கோடை விடுமுறைக்குப் பின், ஜூலை அல்லது ஆகஸ்ட் மாதத்தில் தொடங்குவது நெடுநாளைய வழக்கம். பொறியியல், மேலாண்மை, சட்டம், வேளாண்மை, ஆசிரியர் கல்வி, சமூகப்பணி என எத்துறையாயினும், முதுநிலைப் படிப்பில் சேர விரும்பும் பட்டதாரி பெரும்பாலும் இந்த ஒரே வாயில் வழியாகவே நுழைய வேண்டியுள்ளது. ஆனால் கல்வியாண்டுக்கு மற்றொரு பாதியும் உண்டு. ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் அல்லது மே வரை நடைபெறும் இப்பருவத்தைச் சில நிறுவனங்கள் இளவேனிற் பருவம் என்றும், சில இரட்டைப் பருவம் என்றும், வேறு சில இரண்டாம் பருவம் என்றும் அழைக்கின்றன. பெயர் எதுவாயினும், இப்பருவத்தில் ஆசிரியர்கள் இருக்கின்றனர், ஆய்வுக்கூடங்கள் இயங்குகின்றன, பாடங்கள் நடத்தப்படுகின்றன. புதிய மாணவர் மட்டும் சேர முடிவதில்லை.

இதன் விளைவு எளிதில் புலப்படும். தேர்வு முடிவு சில வாரங்கள் தாமதமானதால் ஜூலைச் சேர்க்கையைத் தவறவிட்ட மாணவர், படிப்பு விடுப்புக்கான அனுமதி செப்டம்பரில் கிடைத்த அலுவலர், குடும்பத்தில் ஏற்பட்ட நோயினால் சேர இயலாமற்போன பெண் ஆகிய அனைவருமே ஆறு மாதம் காத்திருந்தால் போதும் என்ற நிலை இல்லை. ஓராண்டு காத்திருக்க வேண்டும். வசதியுள்ள குடும்பம் ஓராண்டு இழப்பைத் தாங்கிக்கொள்ளும். முதன்முறையாக ஒருவரைப் பட்டதாரியாக்கிய குடும்பத்தில் அந்த ஓராண்டு, மேற்படிப்பையே கைவிடச் செய்துவிடக்கூடும்.

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் நாட்டின் உயர்கல்வி நிறுவனங்களில் ஏறத்தாழ 4.33 கோடிப் பேர் பயின்றனர். அவர்களுள் முதுநிலை மாணவர்கள் 12.1 சதவீதம், அதாவது அரைக் கோடிக்குச் சற்று மேல். இத்துணைப் பெரிய கூட்டம் ஆண்டுக்கு ஒரே முறை திறக்கும் வாயிலில் நிற்கும்போது, இரண்டாவது வாயிலைத் திறக்க முடியுமா, எந்தத் துறைகளில் முடியும், அதற்கு என்ன செலவாகும் என்ற வினாக்கள் எழுவது இயற்கை.

பருவமும் கிரெடிட்டும்

இவ்வினாக்களுக்கு விடை காண, பருவமுறையின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் விருப்பத்தேர்வு கிரெடிட் முறைக்கான வழிகாட்டுதலின்படி, ஒரு பருவம் 15 முதல் 18 வாரங்கள் கொண்டது. அதாவது சுமார் 90 வேலை நாட்கள். ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, அல்லது இரண்டு மணி நேரச் செய்முறைப் பயிற்சி ஒரு கிரெடிட் எனக் கணக்கிடப்படுகிறது. வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்பும் இரண்டு மணி நேரச் செய்முறையும் கொண்ட பாடம் நான்கு கிரெடிட் பெறும். 2023-இல் வெளியிடப்பட்ட தேசிய கிரெடிட் கட்டமைப்பு, மாணவர் தாமே படிக்கும் நேரத்தையும் சேர்த்து, ஓராண்டுக்கு 1,200 மணி நேரக் கற்றல், அதற்கு 40 கிரெடிட் என வகுத்துள்ளது.

இக்கணக்கில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. பட்டம் என்பது இத்தனை ஆண்டுகள் கல்லூரியில் இருந்ததற்கான சான்று என்ற நிலை மாறி, இத்தனை கிரெடிட் ஈட்டியதற்கான சான்று என்ற நிலை வந்துள்ளது. ஜூலையில் ஈட்டிய கிரெடிட்டும் ஜனவரியில் ஈட்டிய கிரெடிட்டும் மதிப்பில் ஒன்றே. எனவே கொள்கை அளவில், மாணவர் எந்தப் பருவத்தில் தொடங்கினாலும் தடையில்லை. தடை எழுவது கொள்கையில் அன்று, பாடங்களின் வரிசையில்.

நம் நாட்டுக்கு இம்முறை புதியதன்று. 1958-இல் புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் முதுநிலைக் கல்விப் பிரிவு தொடங்கப்பட்டபோதே, ஆண்டு இறுதித் தேர்வை மட்டும் நம்பாமல், பருவந்தோறும் பாடங்களை முடித்து மதிப்பீடு பெறும் முறை ஏற்கப்பட்டது. 1960-இல் பந்த்நகரில் நிறுவப்பட்ட நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகமும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஒத்துழைப்புடன் வளர்ந்த கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இவ்வழியைப் பின்பற்றின. ஏனைய பல்கலைக்கழகங்களில் ஆண்டுமுறையே பல்லாண்டுகள் நீடித்தது. பதினோராவது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில் (2007-12) பருவமுறைக்கு மாறுமாறு மானியக் குழு வலியுறுத்திய பின்னரே அது பரவலாயிற்று. ஆயினும் பல இடங்களில் ஆண்டை இரண்டாகப் பிரித்துத் தேர்வை இரண்டாக்கியதோடு மாற்றம் நின்றுவிட்டது. பருவம் வந்தது, பருவந்தோறும் சேரும் உரிமை வரவில்லை.

துறைக்குத் துறை வேறுபாடு

ஜனவரிப் பருவத்தில் முதுநிலைத் தொழிற்கல்வி நிறுவனங்கள் அளிக்கும் பாடங்களை ஆராய்ந்தால், பெரும்பாலானவை முதற்பருவத்தின் தொடர்ச்சி என்பது தெரியவரும். பொறியியலில் முதற்பருவத்தில் உயர்கணிதமும் அடிப்படைக் கோட்பாடுகளும் கற்பிக்கப்படுகின்றன. ஜனவரியில் அவற்றைப் பயன்படுத்தும் வடிவமைப்புப் பாடங்களும் விருப்பப்பாடங்களும் வருகின்றன. முன்பாடத்தைக் கற்காத மாணவர் பின்பாட வகுப்பில் அமர்ந்து பயன் இல்லை.

மேலாண்மைக் கல்வியில் தடை வேறு வகையானது. இரண்டாண்டுப் படிப்பில் முதலாண்டு முடிந்ததும் கோடையில் மாணவர்கள் நிறுவனங்களில் பயிற்சி பெறுகின்றனர். ஜனவரியில் சேர்ந்தவர் ஒரே பருவப் படிப்புடன் இப்பயிற்சிக்குச் செல்ல வேண்டியிருக்கும். அல்லது ஒன்றரை ஆண்டு கழித்து, படிப்பின் கடைசிக் கட்டத்தில் செல்ல வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களும் கல்லூரி வளாகத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை வருவதையே வழக்கமாகக் கொண்டுள்ளன. டிசம்பரில் படிப்பை முடிப்பவருக்கு அந்த அட்டவணையில் இடம் ஒதுக்கப்படவில்லையெனில், சேர்க்கையில் மிச்சமான ஆறு மாதத்தை அவர் வேலை தேடுவதில் இழக்க நேரிடும்.

ஆசிரியர் கல்வி பள்ளிகளின் கால அட்டவணையைச் சார்ந்தது. வட மாநிலங்கள் பலவற்றில் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவடைகின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்கள் தேர்வுக் காலம். ஜனவரியில் சேரும் மாணவருக்கு முதல் சில மாதங்களில் பள்ளிகளில் களப்பயிற்சி அளிப்பது கடினம். கோட்பாட்டுப் பாடங்களை முன்னே வைத்துப் பயிற்சியைப் பின்னே தள்ளினால் இத்தடை நீங்கும்.

வேளாண்மையில் ஒரே துறைக்குள்ளேயே விடை பயிருக்குப் பயிர் மாறுகிறது. முதல் இரு பருவங்களில் பாடங்களை முடித்து, பின்னர் வயலில் ஆய்வு செய்து ஆய்வேடு எழுதுவது பொதுவான ஒழுங்கு. ஜனவரியில் சேரும் மாணவர் அவ்வாண்டு இறுதியை நெருங்கும்போது, கோதுமை, கடுகு போன்ற ராபி பயிர்களின் விதைப்புக்காலம் நவம்பரில் வந்துவிடுகிறது. அவர் காலந்தாழ்த்தாமல் ஆய்வைத் தொடங்கலாம். ஆனால் மழைக்காலப் பயிரான காரீஃப் நெல்லில் ஆய்வு செய்பவர் இரண்டாம் ஆண்டின் ஜூன் வரை காத்திருக்க வேண்டும். அந்த ஒரு பருவத்தில் மழை பொய்த்தால், டிசம்பருக்குள் ஆய்வை மீண்டும் செய்ய வழியில்லை. ஆகவே சேர்க்கை மாதத்தை நாடு முழுமைக்கும் ஒரே ஆணையால் நிர்ணயிப்பது பொருந்தாது. துறையளவில் நிர்ணயிப்பதே பொருத்தம்.

மருத்துவம் காட்டும் வழி

நேரடி வகுப்புகள் கொண்ட தொழிற்கல்வியில் ஜனவரிச் சேர்க்கையை நிலைநாட்டிக் காட்டியுள்ள துறை மருத்துவமே. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம், புதுச்சேரி ஜிப்மர், பெங்களூர் நிம்ஹான்ஸ் முதலிய தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களில் முதுநிலை மருத்துவப் படிப்புகளுக்கு ஜனவரி, ஜூலை என இரு அமர்வுகள் உள்ளன. 2021 ஜனவரி அமர்விலிருந்து இவற்றுக்கான ஒருங்கிணைந்த நுழைவுத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படுகிறது. மற்ற மருத்துவக் கல்லூரிகளுக்கான தேசிய முதுநிலைத் தகுதித் தேர்வு ஆண்டுக்கு ஒரு முறையே நடைபெறுகிறது என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.

இங்கு இருமுறைச் சேர்க்கை ஏன் இயல்பாகப் பொருந்துகிறது? முதுநிலை மருத்துவ மாணவர் உறைவிட மருத்துவராகப் பணியாற்றியபடியே கற்கிறார். மருத்துவமனைக்குப் பருவமோ விடுமுறையோ இல்லை. நோயாளிகள் எல்லா மாதங்களிலும் வருகின்றனர். மூத்த உறைவிட மருத்துவரிடமிருந்து இளையவர் கற்றுக்கொள்ளும் சங்கிலி எப்போதும் தொடர்கிறது. ஒரே மாதத்தில் எல்லா இளையவர்களும் புதியவர்களாக வருவதைவிட, ஆறு மாத இடைவெளியில் பாதிப் பாதியாக வருவது வார்டுகளுக்கும் நன்மையே. பாடவரிசையைச் சாராமல் பணிவழிக் கற்றலைச் சார்ந்த படிப்புகளுக்கு ஜனவரி வாயில் எளிதில் திறக்கும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

தொலைநிலைக் கல்வியின் அனுபவம்

இரண்டாவது சான்று தொலைநிலைக் கல்வியில் கிடைக்கிறது. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜனவரி, ஜூலை ஆகிய இரு சுழற்சிகளில் மாணவர்களைச் சேர்க்கிறது. தேர்வுகளும் ஜூன், டிசம்பர் என இருமுறை நடைபெறுகின்றன. வணிக நிர்வாகம், கணினிப் பயன்பாடு போன்ற தொழில்சார் முதுநிலைப் படிப்புகளைப் பணியில் இருந்தவாறே முடிக்க இம்முறை வழிசெய்துள்ளது.

இவ்வாயிலின் பயனை எண்ணிக்கையே காட்டும். மானியக் குழு வெளியிட்ட விவரப்படி, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளில் 2022 ஜூலை அமர்வில் 19,73,056 பேர் சேர்ந்தனர். 2023 ஜனவரி அமர்வில் மேலும் 4,28,854 பேர் சேர்ந்தனர். ஜூலை வாயில் மட்டும் இருந்திருப்பின், இந்த நாலேகால் லட்சத்துக்கு மேற்பட்டோர் மேலும் ஆறு மாதம் காத்திருக்கவோ, படிக்கும் எண்ணத்தையே கைவிடவோ நேர்ந்திருக்கும்.

எனினும் இவ்வழிக்கு எல்லை உண்டு. மருத்துவம், செவிலியம், மருந்தியல், பொறியியல், கட்டடக்கலை, சட்டம் போன்ற படிப்புகளைத் தொலைநிலையில் நடத்த மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இடமளிக்கவில்லை. நோயாளியையும் ஆய்வுக்கூடத்தையும் நேரில் காணாமல் இத்தொழில்களைக் கற்க இயலாது என்பதே இதற்குக் காரணம். இத்துறைகளைச் சார்ந்தவர்களுக்கு இரண்டாம் வாயில் நேரடிக் கல்வியில்தான் திறக்கப்பட வேண்டும்.

2024-ஆம் ஆண்டு முடிவும் அதன் செலவும்

இந்த அனுபவத்தின் அடிப்படையில், 2024 ஜூன் மாதத்தில் மானியக் குழு ஒரு முக்கிய முடிவை அறிவித்தது. 2024-25 கல்வியாண்டு முதல் நேரடிப் படிப்புகளிலும் ஜூலை-ஆகஸ்ட், ஜனவரி-பிப்ரவரி என இருமுறை மாணவர்களைச் சேர்க்க உயர்கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. இது கட்டாயம் அன்று; தேவையான ஆசிரியர்களும் வசதிகளும் உள்ள நிறுவனங்கள் ஏற்கலாம் என்பதே அறிவிப்பின் பொருள். 2025-இல் வெளியான பட்டப்படிப்பு, முதுநிலைப் படிப்புகளுக்கான குறைந்தபட்சத் தர ஒழுங்குமுறைகளிலும் இவ்வசதி இடம்பெற்றது. ஆனால் தொழிற்கல்வியில் மானியக் குழுவின் சொல் மட்டும் போதாது. தொழில்நுட்பக் கல்விக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, மருத்துவத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம், சட்டத்துக்கு இந்திய பார் கவுன்சில், ஆசிரியர் கல்விக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழு எனத் தனித்தனி அமைப்புகள் உள்ளன. இடங்களின் எண்ணிக்கையும் சேர்க்கைக்கான இறுதி நாளும் இவற்றின் விதிகளுக்கு உட்பட்டவை.

அனுமதி கிடைத்தாலும் செலவு எஞ்சுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பொறியியல் துறையில் முதுநிலைப் பாடம் நடத்தும் ஆசிரியர் எண்மர்; ஒவ்வொருவரும் பருவத்துக்கு ஒரு பாடம் நடத்துகின்றனர். ஜூலையில் புதிய மாணவர்களுக்கு நான்கு அடிப்படைப் பாடங்களும், மூத்தவர்களுக்கு நான்கு விருப்பப்பாடங்களும் நடைபெறும். ஜனவரியில் இரண்டு தொடர்ச்சிப் பாடங்கள் போக, ஆறு விருப்பப்பாடங்களுக்கு ஆசிரியர் கிடைப்பர். இத்துறை ஜனவரியிலும் மாணவர்களைச் சேர்த்து நான்கு அடிப்படைப் பாடங்களை மீண்டும் நடத்துமானால், ஆறு விருப்பப்பாடங்கள் இரண்டாகக் குறையும். அடுத்த ஜூலையில் இரண்டு தொடர்ச்சிப் பாடங்களை அவர்களுக்காக மீண்டும் நடத்த வேண்டியிருப்பதால், அங்கும் நான்கு இரண்டாகும். புதிய ஆசிரியர்களை நியமிக்காமல் வாயிலை மட்டும் திறந்தால், அதற்கான விலையை முன்பே சேர்ந்த மாணவர்கள் தங்கள் விருப்பப்பாடங்களைக் கொடுத்துச் செலுத்த நேரும்.

இதற்கு மாற்று உண்டு. பாடங்களை ஒன்றையொன்று சாராத இரண்டு தொகுதிகளாக அமைத்து, ஒரு தொகுதியை ஜூலையிலும் மற்றதை ஜனவரியிலும் நடத்தலாம். ஜூலையில் சேர்ந்தவர் முதல் தொகுதியிலிருந்தும், ஜனவரியில் சேர்ந்தவர் இரண்டாம் தொகுதியிலிருந்தும் தொடங்குவர். ஓராண்டில் இருவரும் இரு தொகுதிகளையும் முடித்திருப்பர். எந்தப் பாடத்தையும் இருமுறை நடத்தத் தேவையில்லை. சட்டம், சமூகப்பணி, பொது நிர்வாகம், நூலக அறிவியல் போன்ற துறைகளில் பல பாடங்கள் எந்த வரிசையிலும் கற்கத் தக்கவை. அங்கு இது எளிதில் கைகூடும். கணிதத்தின் மேல் கட்டப்பட்ட பொறியியல் துறைகளில் இது அரிது. எனவே ஜனவரி வாயிலைத் திறப்பது சேர்க்கை அலுவலகத்தின் பணி என்பதைவிட, பாடத்திட்டக் குழுவின் பணி என்பதே சரியாகும்.

பட்டத்துக்கு முன் பாடம்

முழுப் படிப்பில் ஜனவரியில் சேர வழியில்லாத துறைகளிலும், தனிப் பாடங்களை அப்பருவத்தில் கற்கும் வாய்ப்பு வளர்ந்துள்ளது. 2017-இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் இணையத் தளத்தில் ஜனவரி, ஜூலை என இரு பருவங்களிலும் பாடங்கள் நடத்தப்படுகின்றன. இத்தளத்தின் வழி ஈட்டும் கிரெடிட்டுக்கு ஒரு பருவத்துக்கு 20 சதவீதம் வரை 2016 ஒழுங்குமுறைகளில் இடமளிக்கப்பட்டிருந்தது; 2021-இல் இது 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் கிரெடிட் வங்கிக்கான ஒழுங்குமுறைகளும் வெளியாயின. மாணவர் ஈட்டிய கிரெடிட் அவர் பெயரில் ஏழாண்டுகள் வரை இருப்பில் வைக்கப்படும். பட்டம் வழங்கும் நிறுவனத்தில் பாதியளவு கிரெடிட்டாவது ஈட்டியிருத்தல் வேண்டும் என்பது விதி.

ஜூலையைத் தவறவிட்டவர் இவ்வாய்ப்பைப் பயன்படுத்தி ஜனவரிப் பருவத்தை வீணாக்காமல் காக்கலாம். பொறியியல் பட்டதாரிகளுக்கு மற்றொரு வசதியும் உண்டு. பிப்ரவரியில் நடைபெறும் கேட் தேர்வின் மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லுபடியாகும். ஆகவே ஒரு கழகம் ஜனவரியில் மாணவர்களைச் சேர்க்க முன்வந்தால், புதியதொரு நுழைவுத் தேர்வு நடத்த வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை

ஜனவரியில் சேர எண்ணும் மாணவர் நான்கு செய்திகளை உறுதிசெய்துகொள்ள வேண்டும். முதலாவது, குறிப்பிட்ட படிப்புக்கு உரிய குழுமத்தின் ஒப்புதல் அந்த அமர்வுக்கும் உண்டா என்பது. இரண்டாவது, முதற்பருவ அடிப்படைப் பாடங்கள் தமக்கு எப்போது நடத்தப்படும் என்பது. எழுத்தில் தரப்பட்ட கால அட்டவணையே இதற்குச் சான்று. மூன்றாவது, விடுதி இடமும் உதவித்தொகையும் ஜனவரி மாணவருக்கும் பொருந்துமா என்பது. நான்காவது, டிசம்பரில் படிப்பை முடிப்பவருக்கு வேலைவாய்ப்பு முகாமில் இடமுண்டா என்பது.

அலுவலர்கள் தீர்மானிக்க வேண்டியவையும் உள்ளன. கல்வி உதவித்தொகைத் திட்டங்கள் பல ஜூலைச் சேர்க்கையை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டவை. விண்ணப்பத்துக்கான கடைசி நாள் முடிந்தபின் சேரும் ஏழை மாணவருக்கு ஜனவரி வாயில் திறந்திருந்தும் பயன் இல்லை. படிப்பு விடுப்பு வழங்கும் அலுவலகங்கள் இரு பருவங்களையும் கருத்தில் கொள்ளலாம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாத் துறைகளையும் ஒரே நேரத்தில் மாற்ற முயலாமல், பாடவரிசைத் தடையில்லாத துறைகளில் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்குவதே நடைமுறைக்கு உகந்தது. ஆசிரியர் காலியிடங்கள் நிரப்பப்படாத துறைகளில் இருமுறைச் சேர்க்கையை அறிவிப்பது, உள்ள மாணவர்களுக்கும் வரும் மாணவர்களுக்கும் ஒருசேரக் குறை விளைவிக்கும்.

உயர்கல்வியில் மொத்தச் சேர்க்கை விகிதத்தை 2035-க்குள் 50 சதவீதமாக உயர்த்துவது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கு. 2021-22-இல் அது 28.4 சதவீதமாக இருந்தது. இந்த இடைவெளியைப் புதிய கட்டடங்களால் மட்டும் நிரப்பிவிட இயலாது. இருக்கும் வகுப்பறையும் ஆய்வுக்கூடமும் ஆண்டின் இரு பாதிகளிலும் புதிய மாணவரை வரவேற்குமாறு பாடங்களை வரிசைப்படுத்துவதும் வளர்ச்சிப் பணியே. அதற்குத் தேவையானது பெருஞ்செலவன்று. ஒவ்வொரு துறையும் தன் பாடத்திட்டத்தை முன்வைத்துக்கொண்டு, எந்தப் பாடம் எதன் பின் வந்தே தீரவேண்டும், எது எப்போது வந்தாலும் இழப்பில்லை என்று பிரித்தறிய வேண்டும். இந்தப் பிரித்தறிதல் நிகழ்ந்த துறையில், ஜூலையைத் தவறவிட்ட பட்டதாரி ஓராண்டை இழக்க வேண்டியிராது.